கண்ணாடிக் கதவும் பச்சை விளக்கும்

உலகத்தில் தன் முகத்தை ஒரு தடவைகூடக் கண்ணாடியில் பார்க்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் எங்கள் தெருக் கண்ணாடிக்காரர்தான். காலையில் கடை திறந்தால் அடைக்கும்வரை அவரைச் சுற்றி ஆளுயரக் கண்ணாடி, கையளவுக் கண்ணாடி, வட்டம், நீள்வட்டம், சட்டம் போட்டது, போடாதது. நாளைக்கு லட்சம் தடவை அவர் முகம் அவருக்கே எதிரே வந்து நிற்கும். அவரோ ஒரு தடவையும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

சரி, லட்சம் கொஞ்சம் கூடுதல்தான். சவரம் பண்ணும்போது எதைப் பார்ப்பாராம் என்று நீங்கள் மடக்குவதற்கு முன்னால் அதையும் கழித்துவிடுகிறேன். ஆனால் மிச்சமெல்லாம் உண்மை. அவர் கண்ணாடியைப் பார்ப்பார், கண்ணாடிக்குள்ளே பார்க்கமாட்டார். ஓரம் சீராகத் தேய்ந்திருக்கிறதா, பின்பூச்சில் புள்ளி விழுந்திருக்கிறதா, அவ்வளவுதான் அவர் கவலை. உள்ளே நிற்கிற வழுக்கைத் தலை யாருடையதாக இருந்தால் அவருக்கு என்ன?

"சரக்கோட சரக்கா உன் தலையும் மின்னுதுடா. யாராவது விலை கேட்டுடப் போறாங்க" என்பார் அவருடைய அக்கா. வரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றுத் தம்பி வீட்டோடு வந்துவிட்டவர். முன்பு ஊரையே கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தவர், இப்போது கைபேசியில் முகம் தெரியாத ஆட்களோடு சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தார். மற்றபடி குணத்தில் மாற்றமில்லை.

வீடும் கடையும் ஒன்றுதான். தெருவைப் பார்த்த முன்னறை கடை. அதிலிருந்து பின்பக்கம் ஒரு நீண்ட நடை. நடையின் கோடியில் பக்கவாட்டில் ஒரு சின்ன அறை. முன்பு கண்ணாடிப் பாளங்களை அடுக்கி வைத்த இடம். பாளத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவனுக்குக் கதவு இடிக்கக் கூடாது என்று கதவை உள்பக்கம் திறக்காமல் நடைப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வைத்திருந்தார்கள். சுவரோ கோட்டைச் சுவர். பாளமெல்லாம் வேறு இடத்துக்குப் போன பிறகு அந்த அறை அவருடைய மனைவிக்கு வேலை அறை ஆயிற்று.

அவள் வேலை கைகளால் பேசுவது. காது கேளாத ஒருவர் எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். டாக்டர் சொல்வது இவள் காதுக்கு வரும். இவள் அதைச் சைகை மொழியில் திரையில் காட்டுவாள். நோயாளி கையால் கேட்பதை வாயால் டாக்டருக்குச் சொல்வாள். நல்ல வேலை, அவளுக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்காகக் கற்றுக்கொண்ட மொழி இத்தனை காலம் கழித்துச் சம்பளம் வாங்கிக் கொடுத்தது.

அவள் வேலையில் சேர்ந்த வாரமே கண்ணாடிக்காரர் ஒரு பரிசு கொடுத்தார். சைகை செய்கிறவர்கள் தங்கள் கையைத் தாங்களே பார்த்துப் பழக வேண்டும் என்று அவள் சொன்னது அவர் மனதில் நின்றுவிட்டது. கடையிலேயே உசத்தியான ஆளுயரக் கண்ணாடியை, பின்னால் கனமாக வெள்ளிப்பூச்சு ஏறியதாகப் பார்த்து எடுத்து, அந்த அறைக் கதவின் உள்பக்கம் முழுக்கப் பொருத்திவிட்டார். கதவைச் சாத்தினால் அவள் எதிரே இன்னொரு அவள்.

"எதுக்குங்க இவ்வளவு பெரிசு?"

"கை நீட்டிப் பேசற வேலையாச்சே. இடம் வேணாமா?" என்றார். அவர் பேச்சில் அதுதான் காதல் வசனம்.

அதே வாரத்தில் தொடங்கியது வைஃபை வம்பு.

கடையில் இணையம் பறக்கும். அறையில் தவழும். சில நேரம் அறையிலும் பறக்கும். அடுத்த நிமிடம் படுத்துவிடும். மற்றவர்களுக்குப் படம் நின்றால் கொஞ்சம் எரிச்சல், அவ்வளவுதான். இவள் படம் நின்றால் சொல்லே பாதியில் நின்றது. 'இந்த மாத்திரையை' என்று கை எழும். போட்டுக்கொள்ள வேண்டுமா, கிட்டவே போகக் கூடாதா என்று சொல்வதற்குள் சிலையாகிவிடுவாள். அந்தப் பக்கம் ஒரு பெரியவர் சிலையைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருப்பார்.

நாலைந்து தடவை இப்படி ஆனதும் மேற்பார்வை அம்மாள் கூப்பிட்டார். நல்ல மனுஷிதான், கோபப்படவில்லை. "உன் மேல குறை இல்லம்மா. ஆனா பாதி வைத்தியம் சொல்லி அனுப்ப முடியாது. வெள்ளிக்கிழமை நானே கூட இருந்து பாக்கறேன். படம் நின்னா நீ தலைமை அலுவலகத்துக்கு வந்துடு. இங்கேயே தங்க இடம் தர்றோம்."

தலைமை அலுவலகம் ஒரு ராத்திரி ரயில் தூரம்.

மனைவி வந்து சொன்னபோது கண்ணாடிக்காரர் மேசையில் ஒரு பாளத்தைக் கிடத்தி வெட்டிக்கொண்டிருந்தார். "ஓகோ" என்றார். ஆனால் தொழிலுக்கு வந்த நாள் முதல் நேர்கோடு தவிர வேறு அறியாத அந்தக் கை அன்று கண்ணாடியைக் கோணலாக வெட்டியது. அக்கா அந்தக் கோணலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார், துண்டை எடுத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார்.

போகாதே என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பிடித்த வேலையைப் பிடித்து வைத்துக்கொள்ள அவளுக்கு உரிமை இல்லையா? ஆகவே வைஃபையோடு மல்லுக்கு நின்றார்.

முதலில், இணையம் வருகிற பெட்டியை அணைத்துப் போட்டார். காலையில் ஒரு தரம், மதியம் ஒரு தரம், கோபம் வந்தால் நடுவில் ஒரு தரம். பெட்டி ஒவ்வொரு முறையும் கண்ணைச் சிமிட்டிப் பச்சை விளக்கைக் காட்டி, "எனக்கென்ன குறைச்சல்?" என்று கேட்டது.

அடுத்து அக்கா மேல் சந்தேகம் வந்தது.

"அக்கா, நீ ராஜா ராணின்னு நாள் முழுக்க இழுக்கறதுலதான் அவளுக்குப் பத்தாம போகுதோ என்னவோ."

"என் ஒரு குதிரையைத் தின்னுட்டா உன் இணையம் ஏப்பம் விடுது? சரி, நான் ஆடலை. உன் பொண்டாட்டிக்காக ஒரு நல்ல ஆட்டத்தைப் பாதியில விட்டேன்னு ஞாபகம் வச்சுக்கோ."

மூன்று நாள் ஆடாமல் இருந்தார். வைஃபை திருந்தவில்லை. அக்காவின் குணம் மட்டும் மேலும் கெட்டது.

பிறகு மாடி வீட்டு ஆள் திருடுகிறானோ என்று கடவுச்சொல்லை மாற்றினார். யாராலும் ஊகிக்க முடியாத சொல்லாகப் போட்டதில் அவராலும் ஊகிக்க முடியாமல் போயிற்று. மாடி வீட்டு ஆளே இறங்கிவந்து பழையபடி ஆக்கிக் கொடுத்தார். "உங்க இணையத்தை யார்ங்க திருடுவா? எங்க வீட்டுல அதைவிட நல்லாவே வருது" என்று போகிற போக்கில் ஒரு குத்தும் வைத்துவிட்டுப் போனார்.

கடைசியில் நெட்காரரை வரவழைத்தார்கள். இளைத்த ஆள், தோளில் பை, காதில் பேனா. கடையில் பார்த்தார், நன்றாக இருந்தது. நடையில் நடந்து பார்த்தார், நன்றாக இருந்தது. அறைக்குள் போய்ப் பார்த்தார், அங்கேயும் தூளாக இருந்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

அவர் போய்த் தெருமுனை திரும்பியிருக்கமாட்டார். மனைவி கதவைச் சாத்திக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். படம் நின்றது. மறுபடி கூப்பிட்டார்கள், மறுபடி வந்தார், மறுபடி தூள்.

"நான் வந்தா ஓடுது, போனா படுக்குது. நான் வேணா இங்கேயே தங்கிடட்டுமா?" என்றார் நெட்காரர்.

"இருக்கிற ஒரு சோம்பேறிக்கே சமைச்சு மாளலை" என்றார் அக்கா.

அந்த மனிதரும் சும்மா போகவில்லை, பாவம். வயர் இழுக்கலாமா என்று பார்த்தார். அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில் வயர் செருக ஓட்டை இல்லை. சிக்னலை வாங்கித் தள்ளுகிற இன்னொரு பெட்டி வைக்கலாம் என்றார். அது அடுத்த வாரம்தான் வரும். வேகம் காட்டுகிற முள் ஒன்றை அக்காவின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்துவிட்டு, "எங்கே குறையுதுன்னு பாத்து வைங்கம்மா" என்று சொல்லிப் போனார். சதுரங்கம் இல்லாமல் வாடியிருந்த அக்காவுக்கு அந்த முள் உயிர் கொடுத்தது. சமையலறையில் இவ்வளவு, குளியலறையில் இவ்வளவு என்று வீடு முழுக்க வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டு திரிந்தார்.

வியாழக்கிழமை சாயங்காலமும் வந்தது. மனைவி கடைசித் தடவையாக ஒத்திகை பார்த்தாள். கூட வேலை செய்கிற ஒருத்தி அந்தப் பக்கம் திரையில். கதவு சாத்தியிருந்தது. படம் நின்று நின்று வந்தது. மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சு நடை வழியே கடைவரை கேட்டதாகக் கண்ணாடிக்காரர் பிறகு சொன்னார்.

அவருக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கையிலும் டீ டம்ளர். கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு, தள்ளவும் முடியாது. கால் கட்டைவிரலைக் கீழே கொடுத்துக் கதவை இழுத்தார். பாதி திறந்தது. அதற்கு மேல் இழுத்தால் டீ சிந்தும். கதவுக்குப் பின்னால் ஒற்றைக் காலில் நின்றபடி, "யாராவது வாங்கிக்கோங்களேன்" என்று கிசுகிசுத்தார்.

"ஐயோ, அப்படியே இருங்க!" என்றாள் மனைவி. "படம் பளிச்சுன்னு ஓடுது!"

இருந்தார். எவ்வளவு நேரம்தான் ஒற்றைக் காலில் நிற்பது? சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கதவு தானாகப் பின்னால் சாத்திக்கொண்டது. படம் நின்றது. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு வெளியே போய் நின்றார், ஓடியது. உள்ளே வந்தார், நின்றது.

கண்ணாடிக்காரர் முகம் விழுந்துவிட்டது. "அப்போ நான்தானா?" என்றார். "நான் உள்ளே வந்தா நிக்குது. நான் வேணா கடையிலேயே படுத்துக்கறேன். சாப்பாட்டைக்கூட அங்கேயே—"

"உன்னைத் தள்ளி வைக்கணும்னு நான் ரொம்ப நாளா சொல்றேன்" என்ற அக்கா, கைபேசியை நீட்டிக்கொண்டு வந்தார். "நகரு, முள்ளு சொல்லட்டும்."

தம்பியை உள்ளே நிறுத்திக் கதவைத் திறந்து வைத்தார். முள் எகிறியது. தம்பியை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார். முள் படுத்தது. திறந்தார், சாத்தினார், திறந்தார்.

"நீ இல்லைடா, உன் கதவு!"

அப்போதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நெட்காரர் வரும்போதெல்லாம் வெளி ஆள் வந்திருக்கிறார் என்று கதவு விரியத் திறந்திருந்தது. அவள் வேலை செய்யும்போதெல்லாம் கண்ணாடி தேய்க்கிற மெஷின் சத்தத்துக்காகச் சாத்தியிருந்தது. நெட்காரருக்கு உடனே போன் போட்டார்கள்.

"கதவுல என்னங்க இருக்கு? மரந்தானே?"

"மரந்தான். உள்பக்கம் ஒரு கண்ணாடி இருக்கு."

"எவ்வளவு பெரிசு?"

கண்ணாடிக்காரர் பெருமையை விட்டுக்கொடுக்காமல், "முழுக் கதவு. பின்னால கனத்த வெள்ளிப்பூச்சு" என்றார்.

"அடக் கடவுளே! அது உலோகமாச்சே. சுவரும் தடி, கதவையும் தகடு போட்டு மூடிட்டீங்க. சிக்னல் வந்து மோதித் திரும்பிடும்ங்க."

மனைவி அவரைப் பார்த்தாள். ஆசை ஆசையாகக் கொடுத்த பரிசே அவளை ஊரைவிட்டு அனுப்பப் பார்த்திருக்கிறது. அதைத் தன் கையாலேயே திருகித் திருகிப் பொருத்தியிருக்கிறார். அவர் போய்த் திருப்புளியை எடுத்துக்கொண்டு வந்தார். முதல் திருகில் வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார். காதில் இன்னும் போன்.

"ஏங்க, திரும்பிடும்னீங்களே. எப்படித் திரும்பும்? வெளிச்சம் திரும்பற மாதிரியா?"

"ஏறக்குறைய அப்படித்தான்."

"அப்போ சரி" என்று போனை வைத்தார்.

வெளிச்சத்தைத் திருப்புவது அவருக்குச் சோறு போட்ட வேலை. அதில் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனைவியை அவள் நாற்காலியில் உட்காரச் சொன்னார். கதவைப் பாதி திறந்து, பாளத்தைச் சாய்க்கிற நிதானத்தோடு ஒரு விரலால் அசைத்தார்.

"கண்ணாடியில என்ன தெரியுது?"

"எதிர்ச் சுவர்."

இன்னும் கொஞ்சம். "இப்போ?"

"அக்கா மூக்கு."

"அக்கா, நகரு. இப்போ?"

"நடை தெரியுது... கடை தெரியுது... அட, பெட்டியோட பச்சை விளக்கு தெரியுதுங்க!"

"முள்ளு ஓடுதுடா!" என்று அக்கா கூவினார். "கடையில காட்டற அளவுக்குக் காட்டுதுடா!"

அவளுக்குப் பச்சை விளக்கு தெரிந்தால் பச்சை விளக்குக்கும் அவள் தெரிவாள். அவ்வளவுதான் சூட்சுமம். சாத்தினால் வழிமறித்த அதே கண்ணாடி, பாதி திறந்தால் நடை நெடுகிலும் வருகிற சிக்னலை வாங்கி மூலை திருப்பி அறைக்குள் விட்டது. சட்டத்தில் மிஞ்சிய மரத்துண்டை ஆப்பாகச் செதுக்கிக் கதவுக்கு அடியில் கொடுத்தார். கதவு அங்கே நின்றது, அசையவில்லை.

திருப்புளி திரும்பப் பெட்டிக்குள் போயிற்று. ஆனால் கதவு திறந்திருந்தால் கடைச் சத்தம் முழுக்க அறைக்குள் வருமே? "நாளைக்குக் கடையில ஊசி விழுந்தாக் கேக்கணும்" என்றார் கண்ணாடிக்காரர். ஊர் கேட்கப் பேரம் பேசுகிற மனிதர் சொன்னதைக் கேட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை. மேற்பார்வை அம்மாள் திரையின் ஒரு மூலையில் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு அமர்ந்துவிட்டார். நோயாளி ஒரு வயதான அம்மாள். கண்ணில் ஆபரேஷன் செய்ய வேண்டும், பிறகு சொட்டு மருந்து விட வேண்டும், எந்தப் பக்கம் படுக்கக் கூடாது, எப்போது குனியக் கூடாது என்று டாக்டர் நிறையச் சொல்ல வேண்டியிருந்தது. மனைவியின் கைகள் எழுந்தன. படம் ஓடியது.

கடையில் மெஷின் ஓய்ந்திருந்தது. கண்ணாடிக்காரர் தும்மலைக்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பார்த்துப் படியேறி வந்தார் உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறவர். வாசற்படியை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அதைவிடப் பெரிய குரல்.

"அண்ணே! சுவர் முழுக்கக் கண்ணாடி வேணும்! தோள் அகலமாத் தெரியணும்!"

கண்ணாடிக்காரருக்குக் கைமொழியில் தெரிந்தது ஐந்தே சொல். டீ, வா, சாப்பாடு, முடிந்தது, அழகு. இதில் பேரம் எதுவும் இல்லை. ஆனாலும் எழுந்து உதட்டில் விரல் வைத்து, கையில் வந்த சொல்லைச் செய்தார். அழகு.

உடற்பயிற்சிக்காரர் ஒரு கணம் திகைத்துக் கூச்சத்தோடு தோளைத் தடவிக்கொண்டார். பிறகு அவருக்கு இரக்கம் வந்துவிட்டது. பேச முடியாமல் போயிற்று போலிருக்கிறது, காதும் போயிருக்கும் என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு இரண்டு மடங்கு கத்தினார்.

"அடப் பாவமே! எப்போலேர்ந்துண்ணே!"

நடைக் கோடியில் மனைவியின் தோள் திடுக்கிட்டது கண்ணாடியில் தெரிந்தது. கை நிற்கவில்லை. ஆனால் டாக்டரிடம் ஒரு வரியைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். மேற்பார்வை அம்மாள் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

கண்ணாடிக்காரர் இரண்டு கையாலும் 'முடிந்தது, முடிந்தது' என்று கெஞ்சினார். அக்கா எழுந்தார். வரி பாக்கி வைத்தவர்களை விசாரிக்கிற பழைய நடையோடு வந்து, உடற்பயிற்சிக்காரரின் காதருகே குனிந்து, "மெதுவா. உள்ளே கண் ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு" என்றார்.

அந்த மலை அப்படியே வெளுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டது. கட்டைவிரல் நுனியில் எழும்பி, ஒரு கண்ணாடி மேலும் படாமல், பூனை மாதிரி பின்பக்கமாகவே நடந்து படியிறங்கிப் போயிற்று. எடை தூக்குவதைவிட அது கடினமான பயிற்சி என்று பார்த்தவர்கள் சொல்வார்கள்.

உள்ளே டாக்டர் சொல்லி முடித்தார். அந்த வயதான அம்மாள் தான் புரிந்துகொண்டதை முழுக்கத் திருப்பிச் சைகையில் சொன்னார். மனைவி அதை டாக்டருக்குச் சொன்னாள். ஒரு சொல்கூடப் பாதியில் நிற்கவில்லை. திரை அணைந்த பிறகு மேற்பார்வை அம்மாளோடு கொஞ்ச நேரம் பேச்சு. கடையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. கேட்கிற தைரியமும் இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நிமிர்ந்து பாரு" என்றார் அக்கா.

நிமிர்ந்தார். நடைக் கோடிக் கண்ணாடியில் மனைவி தெரிந்தாள். அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குத் தெரிந்த ஐந்து சொல்லில் தான் சொல்ல வேண்டியது இல்லை என்று அவளுக்கும் தெரியும். அதனால் மொழியை விட்டுவிட்டாள். தன்னைச் சுட்டிக் காட்டினாள். பிறகு அந்த வீட்டுத் தரையைச் சுட்டிக் காட்டினாள்.

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டினார். பதிலுக்கு என்ன சொல்வதென்று கையெல்லாம் தேடிவிட்டு, 'டீ' என்றார்.

அன்றிலிருந்து மெஷின் அவள் வேலை முடிந்த பிறகுதான் ஓடுகிறது. அடுத்த வாரம் நெட்காரர் கொண்டுவந்த புதுப் பெட்டியைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி போயிற்று. அந்த மனிதர் இப்போதும் கடைக்குள் கிசுகிசுத்துத்தான் பேசுகிறார். அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு மனைவியின் படம் ஒரு நொடிகூட நின்றதில்லை.

இதுவரை நான் எழுதி வாசித்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து சதுரங்கம் ஆடிக்கொண்டே கேட்ட அக்கா, கைபேசியைக் கவிழ்த்து வைத்தார்.

"ஒரு நொடிகூட நின்னதில்லையா? தினம் காலையில நிக்குதே. அவ வேலையை ஆரம்பிச்சதும் இவன் சீப்பை எடுத்துக்கிட்டு அந்தக் கதவுக்கு முன்னாடி போய் நிப்பான். சிக்னல் இவன் முதுகுல மோதி நிக்கும். 'நகருங்க'ன்னு அவ கையைக் காட்டறவரைக்கும் நகரமாட்டான். கண்ணாடிக்குள்ளே பாக்கமாட்டானாம்! வேணும்னா இப்படி எழுது, அவனை அவன் பாக்கமாட்டான். சீவறதுக்கு அந்தத் தலையில என்ன இருக்கு?"